திருகோணமலைப் பொருளாதாரத்தை ஆராய்பவர்கள் விடும் பிழைகள்

இலங்கையில் வறுமையில் உள்ளோர் 2016ல் 4.1 சதவீதம், 2019ல் 14.3 சதவீதம். இரண்டும் அரசாங்கக் கணக்குகள்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்து "மூன்று வருடத்தில் வறுமை மூன்று மடங்கு" என்று எழுதினால் மட்டும் அது பொய்யாகிவிடும். முதலாவது எண் 2002ஆம் ஆண்டை அடியாகக் கொண்ட வறுமைக் கோட்டில் அளந்தது, இரண்டாவது 2012/13ஐ அடியாகக் கொண்ட புதிய கோட்டில் அளந்தது. கூடியதாகத் தெரிவது கோடு உயர்ந்ததால் வந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் வறுமைக் கோட்டின் ரூபாய்ப் பெறுமதியும் வேறு. திருகோணமலைக் குடும்பங்களைத் தேசியக் கோட்டில் நிறுத்தி எண்ணக் கூடாது.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கல், தொடர்ச்சியான தரவே இல்லை. 2002ன் வீட்டு வருமான செலவின அளவீட்டில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006/07ல் வடமாகாணத்தோடு திருகோணமலையும் விடுபட்டது. ஆகவே அந்த ஆண்டில் "கிழக்கு மாகாணம்" என்று வரும் எண் மட்டக்களப்பும் அம்பாறையும் மட்டுமே. போரில் இந்த மாவட்டத்தின் மூதூரும் ஈச்சிலம்பற்றும் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தின் வருமானம் அந்த ஏட்டில் எங்கும் பதிவாகவில்லை. 25 மாவட்டங்களும் சேர்ந்து வந்தது 2012/13ல்தான். குடித்தொகை மதிப்பும் அப்படியே: 1981க்குப் பிறகு முழுமையாக நடந்தது 2012ல். இடைப்பட்ட ஆண்டுகளின் "ஆள்வீத" எண்கள் மதிப்பீடுகள் என்று வாசகருக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

மத்திய வங்கி மாகாண மொத்த உள்நாட்டு உற்பத்தியை வெளியிடுகிறது. மாவட்டத்துக்கு அப்படி ஒன்று இல்லை. சனத்தொகை விகிதத்தில் பிரித்து எடுப்பது பலர் செய்கிற வேலை, ஆனால் துறைமுகமும் மாவாலையும் சீமெந்தாலையும் திருகோணமலையில் இருக்க, நெல்வயலின் பெரும்பங்கு அம்பாறையில் இருக்கிறது. தலைக்கணக்கில் பங்கிட்டால் இரண்டு மாவட்டத்தின் படமும் கெடும். மேலும், ஆலையில் விளையும் உற்பத்தி இங்கே பதிவாகலாம், இலாபம் உரிமையாளர் இருக்கும் ஊருக்குப் போகும். உற்பத்தியை இங்குள்ள வீடுகளின் வருமானமாக வாசிக்கக் கூடாது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளிலும் இதே கவனம் வேண்டும். 2022 ஜனவரி ஒப்பந்தம் 99 தாங்கிகளில் 61ஐக் கூட்டு நிறுவனத்துக்கும், 24ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14ஐ லங்கா ஐஓசிக்கும் பங்கிட்டது. கையெழுத்திட்ட நாளை முதலீடு வந்த நாளாக எழுதிவிடக் கூடாது.

அதிகம் வழுக்குகிற இடம் பருவம். இங்கே ஒரே வருடத்துக்குள் இரண்டு பொருளாதாரம் ஓடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் சிறு படகுகள் கரையேறி நிற்கும், நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் அறைகள் காலியாக இருக்கும், வயலிலோ பெரும்போக நெல் பச்சையாக நிற்கும். சித்திரைக்குப் பின் கடலும் சுற்றுலாவும் திறக்கும். டிசம்பரில் குச்சவெளியில் "கடந்த மாதம் எவ்வளவு உழைத்தீர்கள்" என்று கேட்டு, விடையைப் பன்னிரண்டால் பெருக்கினால் பஞ்சம் தெரியும். ஜூனில் கேட்டுப் பெருக்கினால் செழிப்புத் தெரியும். குறைந்தது இரண்டு சுற்று போங்கள், மாதவாரியாக நினைவுபடுத்திக் கேளுங்கள். கரைவலைக்காரரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பயனில்லை. அவர்களுக்கு வருவது பங்கு. சம்மாட்டியிடம் (வலையின் உரிமையாளரிடம்) வாங்கிய முற்பணம் கழிந்த பின் கையில் வந்தது எவ்வளவு என்று கேட்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி (தற்காலிகக் குடில்) அடித்துத் தங்கும் மீனவர்களின் மீனும் இந்தக் கரையில்தான் இறங்குகிறது. இறங்கிய மீன் முழுவதும் இந்த மாவட்டத்தாரின் வருமானம் அல்ல.

நெல்லில் அலகு கவிழ்க்கும். ஏக்கருக்கு 80 புசல் என்று ஒருவர் சொன்னால், புசல் ஏறத்தாழ 20.9 கிலோ, ஆக 1,670 கிலோ, ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 4,125 கிலோ. ஆனால் "30 மூட்டை" என்றால் முதலில் மூட்டையின் நிறையைக் கேட்டு எழுதுங்கள். 65 கிலோவா 70 கிலோவா என்பதில் மட்டும் ஏக்கருக்கு 150 கிலோ வித்தியாசம். புள்ளிவிபரத் திணைக்களத்தின் சராசரி விளைச்சல் வயல் வரம்புகளைக் கழித்த பரப்புக்கு உரியது, விவசாயி சொல்வது வரம்போடு சேர்ந்த காணிக்கு. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. 2021/22 பெரும்போகத்தை அடி ஆண்டாக எடுக்கவும் வேண்டாம். 2021ல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டதன் அடி அந்தப் போகத்தில் விழுந்தது. அதிலிருந்து எண்ணினால் எந்தத் திட்டமும் வெற்றி போலவே தெரியும்.

வருமானத்திலிருந்து விலையேற்றத்தைக் கழிக்கும்போது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் வேண்டாம், தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை எடுங்கள். அதில் உணவுக்கு நிறை அதிகம். 2022 செப்டெம்பரில் தேசியப் பணவீக்கம் 73.7 சதவீதம். முந்திய செப்டெம்பரில் 40,000 ரூபாய்க்கு நடந்த குடும்பத்துக்கு அப்போது 69,480 ரூபாய் தேவை. சம்பளம் 50,000 ஆனது என்று "உயர்வு" எழுதுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

கொள்கைப் பக்கம் வந்தால், சமுர்த்தி என்ற பழைய அரச உதவிப்பணம் பெற்றோர் தொகையையும் அதற்குப் பதிலாக 2023ல் வந்த அஸ்வெசும பெறுவோர் தொகையையும் ஒரே கோட்டில் வரைகிறார்கள். தெரிவு முறையே மாறியபின் அது வறுமையின் வரைபடமாகாது. அரச செலவைத் தேடுவோர் மாகாண சபையின் வரவுசெலவோடு நின்றுவிடுகிறார்கள். மத்திய அரசின் அமைச்சுகளின் பணம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியாக வருகிறது, பிரதேச சபைக்குத் தனிக் கணக்கு, வெளிநாட்டு உதவித் திட்டங்களுக்கு வேறு கணக்கு. ஒரு வீதியின் செலவைத் தெரிய இவை எல்லாவற்றிலும் தேட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை என்ற மூன்றையும் தனித்தனி நிரலாக எழுதி, எந்த நிரலை வைத்து முடிவு சொல்கிறீர்கள் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.