பிளேன்டீ ஆடினால் ராக்கையைப் பாருங்கள்

ஒரு ஜூலை மழையில் என் ரெக்கோர்ட் பிளேயர் பாட்டின் நடுவே துள்ள ஆரம்பித்தது. ஊசி தேய்ந்துவிட்டது என்று டவுனில் ஒருவர் சொன்னார். புது ஊசி போட்டும் துள்ளியது. பேத்தி ஸ்கூல் விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடி வருகிறபோதுதான் துள்ளுகிறது என்று கண்டுபிடித்தது என் மனைவி. முப்பது வருஷம் தேயிலை பெக்டரியில் ஃபிட்டராக இருந்தவனுக்கு இது உறைக்கவில்லை என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ரோலர் ஆடினால் முதலில் அடியில் இருக்கிற போல்ட்டைத்தானே பார்ப்போம்?

பிளேயருக்கு அடியில் இருப்பது ராக்கை, அதாவது பிளேயர், அம்ப்ளிபயர் எல்லாம் வைக்கிற தட்டு அடுக்கு. உங்கள் ராக்கை எப்படி என்று தெரிய, ஒரு கிளாஸில் விளிம்பு வரை பிளேன்டீ ஊற்றி, பிளேயர் இருக்கிற தட்டில், பிளேயரை எடுத்துவிட்டு வையுங்கள். சாயம் கறுப்பாக இருப்பதால் லைட் அதில் பளிச்சென்று தெரியும். வீட்டில் ஒரு ஆளைச் சாதாரணமாக நடக்கச் சொல்லுங்கள். லைட்டின் நிழல் கலைந்தால் அந்த ஆட்டம் ஊசிக்கும் போகிறது. இன்னொரு சோதனையும் இருக்கிறது. பிளேயரைத் திரும்ப வைத்து, சுற்றாமல் நிற்கிற இசைத்தட்டில் ஊசியை இறக்கி, சத்தத்தை வழக்கமான அளவுக்கு வைத்து, ராக்கையை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டொம்' என்று எவ்வளவு பலமாகக் கேட்கிறதோ அவ்வளவு வேலை பாக்கி.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சீடி பிளேயருக்கும் சாதாரண அம்ப்ளிபயருக்கும் ராக்கையை மாற்றியதால் சத்தம் மாறி நான் கேட்டதில்லை. ஆட்டம் பாதிப்பது இசைத்தட்டையும், கண்ணாடிக் குழாய் போட்ட வால்வ் அம்ப்ளிபயரையும்தான். மற்றவற்றுக்கு ராக்கை செய்ய வேண்டியது காற்று விடுவதும், வயரை ஒழுங்காக வைப்பதும்.

நான் இருப்பது இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்தில் ஒரு பழைய குவார்ட்டர்ஸ். பலகைத் தரை. சீமெந்துத் தரை என்றால் இந்தப் பந்தியின் மீதியையும் அடுத்த பந்தியையும் விட்டுவிடலாம். பலகைத் தரையில் ஆணித் தலைகள் வரிசையாக ஓடுவதைப் பாருங்கள். அந்த வரிசைக்குக் கீழேதான் குறுக்குச் சட்டம் இருக்கிறது. ராக்கையின் கால்கள் அதன் மேல், சுவருக்குப் பக்கமாக நிற்க வேண்டும். அறை நடுவில் பலகை அதிகமாக வளையும்.

அதற்கும் அடங்காவிட்டால் பிளேயரை மட்டும் சுவருக்கு மாற்றிவிடுங்கள். பழைய கட்டடங்களின் கருங்கல் சுவர் எதற்கும் அசையாது. இரண்டு கனமான இரும்பு பிராக்கெட், மேலே ஒரு பலாப் பலகை, அவ்வளவுதான். பேத்தி இப்போது எப்படி ஓடினாலும் பாட்டு நிற்பதில்லை.

மற்ற சாமான்களுக்கு நானே பொக்ஸ் பாரில் வெல்ட் பண்ணிய ராக்கை. வெற்றுக் குழாய், தட்டினால் கோயில் மணி மாதிரி கணீர் என்றது. அடியை அடைத்து உள்ளே மணல் நிரப்பினால் சத்தம் செத்துவிடும் என்று தெரியும், நிரப்பினேன். ஆனால் மணல் ஈரம். இரண்டு வருஷத்தில் வெல்ட் வழியாகச் சிவப்புத் தண்ணீர் கசிந்தது. எல்லாவற்றையும் கொட்டி, கச்சான் வறுக்கிற தாச்சியில் மணலை வறுத்து, ஆறவிட்டுத் திரும்ப நிரப்பினேன். தாச்சி விஷயத்தில் நடந்த சண்டையை எழுத மாட்டேன். உங்களுக்கென்று ஒரு பழைய தாச்சி தேடிக்கொள்ளுங்கள்.

மரம் இந்த ஊரில் மூச்சு விடும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை மழையில் ஊதும், தை மாசி வெயிலில் சுருங்கும். சுருங்கும்போதுதான் போல்ட் இளகும். ஆகவே வருஷத்தில் இரண்டு தரம், மார்ச்சில் ஒன்று, மழை முடிந்து ஒக்டோபரில் ஒன்று. ஒரு மூலையை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று. வாஷர் மரத்தைக் கடிக்க ஆரம்பித்தால் நிறுத்துங்கள். ஸ்க்ரூ ஓட்டை பெருத்துப்போனால் மரப் பசை தடவிய தீக்குச்சிகளைத் திணித்து, ஒரு நாள் காயவிட்டுத் திரும்பப் பூட்டலாம். சிப்போர்ட் ஊதிவிட்டால் அதற்கு மருந்தில்லை, பலகையை மாற்றுங்கள்.

போல்ட் இறுக்கிய பிறகுதான் மட்டம் பார்க்க வேண்டும். ஸ்பிரிட் லெவலை ராக்கைத் தட்டில் வைத்துப் பார்த்தால் போதாது, இசைத்தட்டு சுற்றுகிற தட்டின் மேலேயே வையுங்கள். ஒரு பக்கம் பார்த்து, குறுக்காகத் திருப்பியும் பாருங்கள். கால் கூராக இருந்தால் பலகையைத் துளைக்காமல் அடியில் தடித்த பழைய 5 ரூபாய்க் காசு வைக்கலாம்.

இரைச்சல் வருகிறவர்கள் ராக்கைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். பிளேயரின் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். பக்கத்தில் 230 வோல்ட் கரண்ட் வயர் ஒட்டி ஓடினால் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' அதில் ஏறிக்கொள்ளும். கரண்ட் வயர் ஒரு பக்கக் காலோடு, சிக்னல் வயர் மறு பக்கக் காலோடு இறங்கட்டும். கடக்கத்தான் வேண்டும் என்றால் சிலுவை மாதிரி கடக்கட்டும். பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயர் அம்ப்ளிபயரின் எர்த் திருகில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அம்ப்ளிபயரின் டிரான்ஸ்போமருக்கு நேர் மேலே பிளேயரை வைக்காதீர்கள். ஸ்பீக்கருக்கும் ராக்கையில் இடமில்லை.

அம்ப்ளிபயருக்கு மேலே நாலு அங்குலமாவது வெளி வேண்டும். என் மனைவி பின்னிய லேஸ் துணி அதன் மேல்தான் கிடந்தது, காற்றுத் துவாரம் எல்லாம் மூடி. இப்போது அது டீவிக்குக் கீழே இருக்கிறது.

ஈரம்தான் இங்கே பெரிய எதிரி. ராக்கைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒரு கை போகும் அளவு இடைவெளி விடுங்கள், கண்ணாடிக் கதவு போடாதீர்கள், உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். இசைத்தட்டுகளைச் சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள். மழைக் காலத்தில் தினமும் ஒரு மணித்தியாலமாவது பாட்டுப் போட்டால் உள்ளே சூடேறிக் காயும், இதற்கு வீட்டில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. சிக்னல் வயரின் பிளக்குகள் பச்சையாகப் பூத்திருந்தால் கரண்டை நிறுத்தி, ஐசோபுரோப்பில் அல்கஹோல் நனைத்த பஞ்சால் துடைத்து, செருகி இரண்டு தரம் திருகி விடுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி வருகிற மாதிரி வானம் கறுத்தால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையும் அன்டெனா வயரையும் முதல் இடிக்கு முன்பே கழற்றிவிடுங்கள். அதற்காகவே என் ராக்கையின் பின்பக்கம் சுவரைப் பார்க்காமல் கொஞ்சம் திரும்பி நிற்கிறது, கை சுலபமாகப் போகும்.