கிட்கேட் உறையை வைத்து அதன் கதையைப் பிடிப்பது எப்படி?

கிட்கேட் யாருடையது என்று தெரிய வேண்டுமானால் முன்பக்கத்தை விடுங்கள், உறையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள். அமெரிக்காவில் வாங்கியது என்றால் ஹெர்ஷி, மற்ற நாடுகளில் நெஸ்லே. ஏன் இரண்டு பேர்? அதற்கு இங்கிலாந்தின் யார்க் நகரத்து ரௌன்ட்ரீ கம்பெனிவரை போக வேண்டும்: 1935-ல் 'சாக்லேட் கிரிஸ்ப்' என்று விற்க ஆரம்பித்து, 1937-ல் பெயரில் கிட்கேட்டைச் சேர்த்தவர்கள் அவர்கள்தான். அப்புறம் அமெரிக்க உரிமத்தை ஹெர்ஷிக்குக் கொடுத்தார்கள். 1988-ல் நெஸ்லே ரௌன்ட்ரீயையே வாங்கியும் அந்த உரிமம் கைமாறவில்லை (நெஸ்லேவுக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்). நீல உறையோடு பழைய விளம்பரம் ஏதாவது கண்ணில் பட்டால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள், இரண்டாம் உலகப் போரில் பால் தட்டுப்பாடு வந்து டார்க் சாக்லேட்டில் செய்த காலத்து உறை அது.