தள்ளாடும் போக்கர் தளத்தின் கதியைக் கணிப்பதில் செய்யக் கூடாத தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடும் ஒரு தளத்திலிருந்து, அவன் எடுக்கக் கேட்ட பணம் ஆறு வாரமாக வரவில்லை. "அண்ணா, இந்த சைட் தப்புமோ?" என்பதுதான் அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. 2011இல் நானும் அதையேதான் கேட்டேன். சில வருடம் கழித்து இன்னொரு தளம் தள்ளாடியபோதும் அதையே கேட்டேன். கேள்வியிலேயே பிழை இருக்கிறது என்று எனக்குச் சொல்ல இரண்டு முறையும் ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாக் காசையும் ஒரே தளத்தில் வைக்காதே, வாடகைப் பணத்தில் ஆடாதே என்பதெல்லாம் ஆடுகிற எவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தளம் ஆட்டம் காணத் தொடங்கிய பிறகு, அது என்ன ஆகும் என்று நாம் கணக்குப் போடுகிறோமே, அந்தக் கணக்கில் நடக்கும் தவறுகள் மட்டும் இங்கே.

உதாரணத்துக்கு 2011 ஏப்ரல் 15ஐத்தான் திரும்பத் திரும்ப எடுப்பேன். அன்று வெள்ளிக்கிழமை. நியூயார்க் தெற்கு மாவட்ட அரசு வழக்கறிஞர் ப்ரீத் பராராவின் அலுவலகம் போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சலூட் போக்கர் ஆகிய தளங்களோடு தொடர்புள்ள 11 பேர் மீது குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. தளங்களின் இணைய முகவரிகளும் பறிபோயின. போக்கர் ஆடுகிறவர்கள் அந்த நாளைக் கருப்பு வெள்ளி என்பார்கள். ஒரே நாளில், ஒரே வழக்கில் மாட்டிய மூன்று தளங்கள் மூன்று விதமாக முடிந்தன. கணிக்கப் பழகுகிறவர் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

மேசைகள் நிரம்பியிருப்பதைப் பார்த்துத் தெம்பு கொள்வது

தம்பி எனக்குச் சொன்ன முதல் ஆறுதல் இது: "விடியற்காலையிலும் மேசை நிறைய ஆள் இருக்கிறது அண்ணா."

ஃபுல் டில்ட்டிலும் இருந்தது. அமெரிக்கர்களை வெளியேற்றிய பிறகும் மற்ற நாட்டுக்காரர்கள் பத்து வாரத்துக்கு மேல் அங்கே ஆடினார்கள். ஜூன் 29 அன்று அதற்கு உரிமம் கொடுத்திருந்த, ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஆல்டர்னி தீவின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் அந்த உரிமத்தை நிறுத்திவைத்தது. ஆட்டம் அன்றே நின்றது. அதற்கு முந்தைய இரவு மேசைகளைப் பார்த்த எவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

பணத்தை வெளியே எடுக்க முடியாதவன் என்ன செய்வான்? ஆடுவான். கைக்கு வராத காசின் மதிப்பு மனதில் தானாகவே குறைந்துவிடும். பத்து டாலர் மேசையில் நிதானமாக ஆடியவன் நூறு டாலர் மேசையில் போய் உட்காருவான். நானே உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே பெரிய மேசைகள் திடீரென்று களைகட்டினால் எனக்கு இப்போது தெம்பு வருவதில்லை, பயம்தான் வருகிறது.

"தளம் பிழைக்குமா?" என்ற கேள்வியோடு நின்றுவிடுவது

இதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும். எனக்கு அதிகம் செலவு வைத்த தவறு இது. இன்றைக்கும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

தளம் பிழைக்குமா என்பது ஒரு கேள்வி. என் காசு வருமா என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கு விடை தெரிந்தால் மற்றதற்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். என் கதையைச் சொல்கிறேன்.

அந்த இரண்டாவது தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். என்னுடைய 1,900 டாலர் அங்கே மாட்டியிருந்தது. பணம் எடுக்கும் பக்கத்தைத் திறந்தால் என் கோரிக்கைக்கு எதிரே மஞ்சள் நிறத்தில் 'நிலுவையில்' என்று இருக்கும். திங்கட்கிழமை தோறும் மின்னஞ்சல் அனுப்புவேன். பதிலாக அதே மூன்று வரி வரும், கீழே கையெழுத்திட்ட பெயர் மட்டும் மாறும். என் பெயரில் ஒரு எழுத்தை விட்டு எழுதியிருப்பார்கள். பன்னிரண்டு வாரமும் அதே எழுத்து விடுபட்டிருந்தது. யாரும் எழுதவில்லை, ஒட்டி அனுப்புகிறார்கள் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் அங்கே மாட்டிய இருப்பை ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் தள்ளுபடிக்கு விற்றார்கள். தளத்திலுள்ள ஒரு டாலருக்கு வெளியே 45 சென்ட். நான் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தேன். புது மென்பொருள் வருகிறது, டிசம்பரில் பெரிய போட்டி அறிவித்திருக்கிறார்கள், புதிதாக ஆள் சேர்க்கிறார்கள், ஆகவே தளம் பிழைக்கும் என்று கணித்தேன். 2,000 டாலர் இருப்பை 900 கொடுத்து வாங்கினேன்.

என் கணிப்பு சரியாகத்தான் இருந்தது. தளம் பிழைத்தது. அதற்கப்புறம் ஒன்றரை வருடம் ஓடியது. எனக்கு ஒரு சென்ட் வரவில்லை, என் 1,900இலும் இல்லை, வாங்கிய 2,000இலும் இல்லை.

எங்களுக்குக் கொடுக்காததால்தான் அது அவ்வளவு நாள் ஓடியது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது. நம் ஆட்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. சீட்டுப் பிடிக்கிறவர் உள்ளுக்குள் நொடித்துவிட்டால் என்ன செய்வார்? எடுத்தவருக்குக் கொடுக்காமல் இழுத்துக்கொண்டே புதுச் சீட்டுக்கு ஆள் சேர்ப்பார். முன்பைவிடச் சிரித்துப் பேசுவார், கலியாண வீடுகளில் முன்வரிசையில் இருப்பார். அவர் நடமாடுவதைப் பார்த்து "ஆள் நல்லாத்தான் இருக்கிறார்" என்று நாம் அடுத்த தவணையையும் கட்டுவோம்.

ஃபுல் டில்ட் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே நிறுவனம் செத்தது, காசு வந்தது. எப்படி வந்தது என்பதற்கு முன், எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும்.

இணையச் சூதாட்டத்துக்குப் பணம் போவதைத் தடுக்க 2006இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு வங்கிகளிலிருந்து போக்கர் தளத்துக்குப் பணம் வாங்குவது கடினமாகிவிட்டது. ஆட்டக்காரர் டெபாசிட் போட்டவுடன் ஃபுல் டில்ட் அவர் கணக்கில் தொகையைக் காட்டிவிடும். ஆனால் பல டெபாசிட்களை அது வங்கியிலிருந்து வசூலிக்கவே இல்லை. மெதுவாக யோசித்துப் பாருங்கள். ஒருவர் 500 டாலர் போடுகிறார். திரையில் 500 தெரிகிறது. அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து ஒன்றும் போகவில்லை. அந்த 500ஐ மேசையில் இன்னொருவரிடம் தோற்கிறார். ஜெயித்தவர் 500ஐ வெளியே எடுக்கிறார். அவருக்குப் போனது உண்மையான பணம். அது யாருடையது? முன்னே உண்மையாகவே டெபாசிட் போட்டுவிட்டு, தன் இருப்பு பத்திரமாக இருக்கிறது என்று தூங்கிக்கொண்டிருந்த மூன்றாவது ஆளுடையது. இப்படி வசூலாகாத தொகை மட்டும் சுமார் 13 கோடி டாலர்.

2011 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை திருத்திய மனுவில் சொன்ன கணக்கு இது: மார்ச் 31 அன்று உலகெங்கும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. கருப்பு வெள்ளிக்கு இரண்டு வாரம் முன்பே நிலைமை இதுதான். 2007 ஏப்ரலிலிருந்து உரிமையாளர்களும் இயக்குநர்களும் எடுத்துக்கொண்டது சுமார் 44 கோடி.

போக்கர்ஸ்டார்ஸ் அதே வெள்ளிக்கிழமை அடிபட்டது. ஆனால் ஆட்டக்காரர் பணத்தை அது தனிக் கணக்கில் வைத்திருந்தது. அந்த மாத முடிவுக்குள்ளேயே அமெரிக்கர்களுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு தளங்களின் விளம்பரத்தையும் மேசைகளையும் எவ்வளவு நேரம் ஒப்பிட்டாலும் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது.

கடைசியில் ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களைக் காப்பாற்றியது ஃபுல் டில்ட் அல்ல. 2012 ஜூலை 31 அன்று போக்கர்ஸ்டார்ஸ் அமெரிக்க அரசோடு 73.1 கோடி டாலருக்கு உடன்பாடு செய்தது. அதில் 54.7 கோடி அரசுக்கு, 18.4 கோடி அமெரிக்காவுக்கு வெளியே இருந்த ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்கு. போக்கர்ஸ்டார்ஸுக்குத் தன் வழக்கு முடிய வேண்டியிருந்தது, போட்டியாளரின் சொத்தும் கிடைத்தது. காசு வந்ததற்குக் காரணம், அதைக் கொடுப்பதால் லாபம் அடையக்கூடிய ஒருவர் வெளியே இருந்ததுதான்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் தளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் காசைப் பற்றித்தான் கேட்கிறேன். ஆட்டக்காரர் பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா, அதை யார் சரிபார்க்கிறார்கள்? தளம் மூடினால் அந்தப் பணத்துக்குச் சட்டப்படி உரியவர் யார்? உங்களுக்குக் கொடுப்பதால் யாருக்காவது ஏதாவது நன்மை உண்டா? என்னுடைய அந்த இரண்டாவது தளத்துக்கு இந்த மூன்றையும் கேட்டிருந்தால் 900 டாலர் என் கையில் இருந்திருக்கும். மூன்றுக்குமே அங்கே பதில் இல்லை.

எல்லோருக்கும் ஒரே நாளில் வரும் என்று நினைப்பது

காசு வரும் என்று சரியாகக் கணித்தவர்கள்கூட இதில் சறுக்கினார்கள். ஃபுல் டில்ட் போக்கர்ஸ்டார்ஸின் கையில் 2012 நவம்பர் 6 அன்று மீண்டும் திறந்ததும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் தங்கள் இருப்பை எடுக்க முடிந்தது. அமெரிக்கர்கள் நீதித்துறையிடம் மனுப் போட வேண்டியிருந்தது. அவர்களுக்கு முதல் தவணை போனது 2014 பிப்ரவரி 28 அன்று, சுமார் 7.6 கோடி டாலர். ஒரே தளம், ஒரே மேசை, எதிரெதிரே உட்கார்ந்து ஆடிய இருவர், பதினைந்து மாத இடைவெளி.

அப்சலூட் போக்கரில் காசு வைத்திருந்த அமெரிக்கர்களுக்கு மனுப் போடும் வழியே 2017இல்தான் திறந்தது. ஆறு வருடம் கழித்து வரும் ஆயிரம் டாலரை இன்றைய ஆயிரம் டாலராக எண்ணிக் கடன் வாங்காதீர்கள். அப்படி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

வாங்க ஆள் வந்துவிட்டது என்ற செய்தியை முடிவாக எடுத்துக்கொள்வது

2011 நவம்பரில் பிரான்ஸின் பெர்னார் தாப்பி குழுமம் ஃபுல் டில்ட்டை வாங்க ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். 2012 ஏப்ரலில் அந்தப் பேச்சு முறிந்தது. வாங்குகிறவர் பெயரைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் ஆட்டக்காரர் கடனை யார் தலையில் கட்டுகிறார்கள், எப்போது கொடுப்பதாக ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் மகிழுங்கள்.

உரிமம் இருக்கிறதே என்று சும்மா இருப்பது

ஃபுல் டில்ட்டிடமும் உரிமம் இருந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று ஆல்டர்னி அதை ரத்து செய்தது. அந்த உத்தரவால் ஒருவருடைய இருப்பும் திரும்பி வரவில்லை.

பெரிய பெயர்களை நம்புவது

பேர்பெற்ற போக்கர் ஆட்டக்காரர்களான ஹோவர்ட் லெடரரும் கிறிஸ் ஃபெர்குசனும் ஃபுல் டில்ட்டின் இயக்குநர்களாக இருந்தார்கள்.

ஐம்பது டாலர் வந்துவிட்டது என்று நிம்மதி அடைவது

சிறு தொகை வந்தால் மீதியும் வரும் என்று அர்த்தமில்லை. முழுத் தொகையையும் கேளுங்கள்.

நிலுவையிலுள்ள கோரிக்கையை ரத்து செய்து மீண்டும் ஆடுவது

தம்பி இதைத்தான் செய்ய இருந்தான். தளம் அவனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தது: கோரிக்கையை ரத்து செய்து பணத்தைக் கணக்குக்கே திருப்பினால் பத்து சதவீதம் போனஸ். ஆறு வாரம் காத்துச் சலித்தவனுக்கு அது பெரிதாகத் தெரிந்தது. பணம் கொடுக்க முடிகிற தளம் பணம் கேட்பவரை இப்படித் தடுக்காது என்று அவனிடம் சொன்னேன். ரத்து செய்தால் வரிசையிலிருந்தும் வெளியே வந்துவிடுவான்.

இருப்பு, டெபாசிட் வரலாறு, கோரிக்கை எண், தேதி எல்லாவற்றையும் படம் பிடித்துத் தளத்துக்கு வெளியே சேமித்து வைக்கச் சொன்னேன். தளம் இருண்டுவிட்டால் அந்தப் பக்கங்களும் போய்விடும், பிறகு மனுப் போடும் நாள் வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. மீதியிருந்த 340 டாலருக்கும் சேர்த்து அன்றிரவே எடுக்கக் கேட்டான். அதற்கும் மஞ்சள் நிறத்தில் 'நிலுவையில்' என்று வந்தது. மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடச் சொல்லியிருந்தேன். நேற்று ஒன்றுக்கு மட்டும் பதில் அனுப்பினான்: தளத்தின் விதிமுறைப் பக்கத்தில், கணக்கிலுள்ள இருப்பு தனிக் கணக்கில் வைக்கப்படுவதில்லை என்று எழுதியிருக்கிறதாம். மூன்று வருடமாக அங்கே ஆடுகிறான், அந்தப் பக்கத்தை நேற்றுத்தான் முதல் தடவை திறந்திருக்கிறான்.