ஈரமான புதுப் பலகைகள் உள்ள டெக்குக்கு ஸ்டெயின் பூசும் முறை

கனடாவின் ஒன்டாரியோ போன்ற குளிர்ப் பகுதிகளில், வீட்டின் பின்புறத்தில் திறந்தவெளி மரத் தளமாக அமையும் டெக்கில் மக்கிப்போன நான்கைந்து பலகைகளை மாற்றிய கையோடு முழுத் தளத்துக்கும் ஸ்டெயின் (மரத்துக்குள் இறங்கி நிறம் தரும் காப்புப் பூச்சு) பூசிவிடப் பலரும் விரும்புகிறார்கள். காய்ந்த பழைய பலகைகள் அதற்கு இடம் கொடுக்கும், புதியவை கொடுக்காது. கடைகளில் கிடைக்கும், மக்காமலிருக்க மருந்தேற்றிய பலகைகள், செம்புச் சேர்மம் கலந்த நீரை அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்தித் தயாரிக்கப்படுபவை. அந்த நீர் வற்றுவதற்கு முன்பே பெரும்பாலானவை விற்பனைக்கு வந்துவிடுவதால், திருகாணியை இறக்கும்போது அதன் தலையைச் சுற்றி நீர் கசிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மரத்தின் நுண்துளைகளில் நீர் நிறைந்திருக்கும்போது ஸ்டெயின் உள்ளே இறங்க இடமில்லை. அது மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும், அல்லது ஓரிரு பருவங்களில் உரிந்துவிடும்.

ஆகவே பலகைகளை உடனே பொருத்திவிட்டு, ஸ்டெயினை மட்டும் தள்ளிப்போட வேண்டும். காயட்டும் என்று அவற்றைக் கட்டாமல் வெளியே போட்டுவைத்தால் முறுக்கிக்கொள்ளும். தாங்குச் சட்டங்களோடு திருகி இறுக்கிவிட்டால் நேராகவே காயும். ஈரப் பலகை காயும்போது அகலத்தில் சுருங்கும் என்பதால் அண்டைப் பலகையை ஒட்டியே வைக்கலாம். சூளையில் உலர்த்தி விற்கப்படும் பலகையானால் ஓர் ஆணியின் பருமன் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். செம்பு சாதாரண இரும்பை அரித்துவிடுவதால், திருகாணிகள் மருந்தேற்றிய மரத்துக்கென விற்கப்படுபவையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். அறுத்த முனைகளுக்கு அதற்குரிய மருந்தைப் பூசுவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் தொழிற்சாலையில் ஏற்றிய மருந்து பலகையின் நடுப்பகுதி வரை சென்றிருப்பதில்லை.

எப்போது காய்ந்தது என்பதை நாட்காட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெயிலும் காற்றும் படும் தளத்தில் சில வாரங்கள் போதும். நிழலில், தரையை ஒட்டிய தளத்தில் சில மாதங்கள் பிடிக்கும். இரண்டு ஊசிகள் கொண்ட ஈரமானியைப் பல பலகைகளில், முனைகளைத் தவிர்த்து நடுப்பகுதியில் குத்திப் பார்ப்பதே நம்பகமான வழி. 15 சதவீதமோ அதற்குக் குறைவோ காட்டினால் பெரும்பாலான ஸ்டெயின்களுக்குப் போதும் என்றாலும், டின்னில் அச்சிட்டிருக்கும் வரம்பே இறுதியானது. கருவி இல்லாதவர்கள் நீர் தெளித்துப் பார்க்கலாம்: சில நிமிடங்களில் உறிஞ்சப்பட்டால் மரம் தயார், முத்து முத்தாக நின்றால் தயாரில்லை. ஆனால் இழைப்பு இயந்திரம் மெருகேற்றிய மேற்பரப்பிலும், நீர் ஒட்டாத மெழுகு சேர்த்த பலகையிலும் நீர் அப்படித்தான் நிற்கும் என்பதால், இச்சோதனையை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. செப்டம்பர் கடந்தும் காயவில்லையென்றால் வசந்தம் வரை விட்டுவிடுங்கள். மக்காமல் காப்பது உள்ளே ஏற்றிய மருந்து. ஸ்டெயின் வெயிலையும் மழையையும் தடுக்கவே இருக்கிறது. ஒரு குளிர்காலம் வெறுமனே கிடந்தால் பலகை சற்று நரைக்கும், அவ்வளவுதான்.

காத்திருக்கும் நாட்களில் பழைய பலகைகளுக்கு மட்டும் பூசி வைப்பதும் சரியாக வராது. பின்னர் புதியவற்றுக்குப் பூசும்போது விளிம்புகளில் இரட்டைப் பூச்சு விழுந்து கோடு தெரியும். எல்லாம் காய்ந்தபின் தளம் முழுவதையும் டெக் கழுவும் தூளால் தேய்த்துக் கழுவி, அடுத்து ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தெளித்து நன்றாக அலச வேண்டும். இது பழைய மரத்தின் சாம்பல் நிறத்தை வெளுக்கச் செய்து, புதியதன் நிறத்தோடு ஓரளவு நெருங்க வைக்கும். பின்னர் குறைந்தது 2 நாள் உலரவிட்டு, புதுப் பலகைகளின் மெருகை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் இலேசாக நீக்குங்கள், முகமூடி அவசியம். 2004க்கு முன் கட்டிய டெக்கானால் பழைய பலகைகளை உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் 2003 இறுதி வரை வீட்டு மரங்களுக்கு ஆர்சனிக் கலந்த மருந்து பயன்பட்டது.

நடமாடும் தளத்துக்கு மர ரேகை தெரியும் அரை ஒளிபுகு ஸ்டெயினையே நான் பரிந்துரைப்பேன். முழுதும் மறைக்கும் வகை நிற வேறுபாட்டை ஒளித்துவிடும், ஆனால் காலடி படும் இடங்களில் உரியும். ஒரு பழைய பலகையிலும் ஒரு புதிய பலகையிலும் சிறு இடத்தில் பூசிப் பார்த்தபின் நிறத்தை முடிவுசெய்யுங்கள். வெப்பநிலை 10 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும், மழை வராத நாளில், நேர் வெயில் விலகியபின் தொடங்கி, ஒரே நேரத்தில் இரண்டு பலகைகளை முனையிலிருந்து முனைவரை நிறுத்தாமல் பூசிச் செல்ல வேண்டும். உருளையால் பரப்பினாலும் பிரஷால் அழுத்தித் தேய்ப்பது அவசியம். புதுப் பலகை குறைவாகவே உறிஞ்சும். எண்ணெய் ஸ்டெயினானால் 15, 20 நிமிடங்களில் மேலே மினுங்கி நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். அந்தத் துணிகளைச் சுருட்டி வைத்தால் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், வெளியில் விரித்துக் காயவைக்கவோ நீரில் அமிழ்த்தி வைக்கவோ வேண்டும்.

அடுத்த ஆண்டு புதுப் பலகைகளில் மட்டும் நிறம் வெளிறித் தெரியலாம். வெயிலில் அவற்றின் மேற்பரப்பு அதற்குள் திறந்திருக்கும் என்பதால், கழுவி உலரவிட்டு மெல்லிய ஒரு பூச்சு கொடுத்தால் இம்முறை ஆழமாகவே இறங்கும்.