பழைய காருக்கு எந்த ஆயில்? காரைக்குடிப் பட்டறையிலிருந்து

"அம்பாசிடருக்கு எந்த ஆயில் ஊத்தலாம்?" என்று போனில் கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. வண்டி எப்போதெல்லாம் ஓடுகிறது, எவ்வளவு காலம் சும்மா நிற்கிறது என்று முதலில் கேட்பேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பழைய கார்கள் நிறைய உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி என்றால் வண்டி வெளியே வரும். மற்ற நாளெல்லாம் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும். ஆயில் எடுக்கும்போது வண்டி ஓடுவதை மட்டும் பார்த்தால் போதாது, நிற்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் டின்னில் இருக்கும் எண். 20டபிள்யூ50 என்று இருந்தால், முன்னால் உள்ள 20டபிள்யூ குளிரில் எஞ்சின் சுற்றுவதற்கான கணக்கு. இந்த வகையை மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30. நம்ம ஊர் மார்கழி விடியலுக்கு 20டபிள்யூவே தாராளம். நமக்கு முக்கியம் பின்னால் வரும் 50. எஞ்சின் சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை அது சொல்கிறது. 30க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம், நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் உள்ள மாதிரி கைக்கே தெரியும்.

பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கும் பிரீமியர் பத்மினிக்கும் நான் ஊற்றுவது 20டபிள்யூ50 மினரல் ஆயில், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் சாதாரண ஆயில். எஞ்சினுக்குள் சுற்றும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் தேய்மானம் ஏறி இடைவெளி கூடியிருக்கும். மெல்லிய ஆயில் அதில் நிற்காமல் வழிந்துவிடும். சித்திரை வெயிலில் திருச்சி வரை ஓட்டிவிட்டு சிக்னலில் நிறுத்தினால், ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். அந்த அம்பாசிடர் எஞ்சினில் இன்னொரு விஷயம் உண்டு. அந்தத் தண்டின், அதாவது கிராங்கின், பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் மரைதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். 5டபிள்யூ30 ஊற்றினால் இன்னும் கூடுதலாகச் சொட்டும். கீழே ஒரு தட்டு வையுங்கள், வாரம் ஒரு தடவை குச்சியை எடுத்து அளவு பாருங்கள்.

ஆனால் அம்பாசிடர் எல்லாம் ஒன்றல்ல. 1990களில் இசுசு என்ற ஜப்பான் கம்பெனியின் எஞ்சினோடு வந்த வண்டிக்கும் மாருதி 800க்கும் எஞ்சினின் அமைப்பே வேறு, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாப்ட் மேலே, எஞ்சினின் தலையில் இருக்கிறது. அவற்றின் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் 15டபிள்யூ40 போதும். வண்டியோடு வந்த புத்தகம் கையில் இருந்தால் அதில் போட்டிருப்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது துத்தநாகம். இதைப் பலர் கேட்பதே இல்லை, எனக்கு ரொம்ப முக்கியமான சங்கதி இது. பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் கேம், வால்வைத் தள்ளிவிடும் டேப்பெட் என்ற துண்டின் தட்டை முகத்தில் நேராக உரசி ஓடுகிறது. அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம்தான் அங்கே உலோகத்தின் மேல் ஒரு படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுக்கிறது. புதிய கார்களில் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால் அதற்கு வரம்பு வைத்தார்கள். ஆயிலுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஐயின் எஸ்எம் தரம் 2004ல் வந்தபோது 5டபிள்யூ30, 10டபிள்யூ30 போன்ற மெல்லிய வகைகளுக்கு பாஸ்பரஸ் 0.08 சதவீதம்தான் உச்சம் என்று ஆனது. 20டபிள்யூ50க்கு அந்த உச்ச வரம்பு இல்லை. சரியான கெட்டியைத் தேர்ந்தெடுத்தாலே இந்தக் கவலையும் பெரும்பாலும் தீரும்.

டின்னில் ஏபிஐ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. டீசல் அம்பாசிடருக்கு சி தரம் உள்ளதை வாங்குங்கள். பேரலிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயிலை என் பட்டறைக்குள் நான் விடுவதில்லை. சீல் உடையாத டின் மட்டும்தான்.

செயற்கையாகத் தயாரிக்கும் சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் எஞ்சின் கெட்டுவிடுமா என்று கேட்கிறார்கள். கெடாது. ஆனால் சொட்டும் வண்டிக்கு விலை கூடிய ஆயில் ஊற்றுவதைவிட, மினரல் ஆயிலையே நேரத்துக்கு மாற்றுவது நல்லது. எஞ்சினைப் பிரித்து புது பிஸ்டன் ரிங் போட்டிருந்தால் முதல் 1000 கிலோமீட்டருக்கு மினரல்தான், ரிங் சிலிண்டரோடு பொருந்தி உட்கார வேண்டும்.

மாற்றும் நேரம் எது? 5000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. கோட்டையூர் ஆச்சி ஒருவர் கல்யாணத்துக்கு முன்னால்தான் ஆயில் மாற்றச் சொல்வார். "ஆச்சி, விசேஷம் முடிஞ்சு கொட்டகையில் விடுறதுக்கு முன்னால மாத்திடுவோம்" என்றேன். ஓடிய ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு ஆறு மாதம் நின்றால் அது பேரிங்கை அரிக்கும். புது ஆயிலோடு நிற்பதுதான் எஞ்சினுக்கு நல்லது. அப்புறம், வாட்ச்மேன் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் விட்டு அணைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். சூடேறாத எஞ்சினில் பெட்ரோலும் தண்ணீரும் ஆயிலில் சேரும், மூடிக்குள் வெண்ணெய் மாதிரி படியும். எடுத்தால் குன்றக்குடி வரைக்குமாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

வெகுநாள் மாற்றாமல் கிடந்த எஞ்சினுக்கு, உள்ளே கழுவுவதற்கென்று விற்கும் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றாதீர்கள். பழைய கசடு மொத்தமாகப் பெயர்ந்து எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் வலையை அடைக்கும். புது ஆயில் ஊற்றி 500 கிலோமீட்டரில் ஒருமுறை, 1500ல் ஒருமுறை மாற்றுங்கள், கசடு மெல்ல வெளியேறிவிடும். ஒவ்வொரு தடவையும் பில்டரும் அதன் ரப்பர் வளையமும் புதிதாக இருக்கட்டும்.

20டபிள்யூ50 ஊற்றியும் சூட்டில் விளக்கு எரிந்தால் இன்னும் கெட்டியான ஆயிலைத் தேடாதீர்கள். பிரஷர் சுவிட்சைப் பார்த்து, கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் உண்மையிலேயே குறைந்திருந்தால் கோளாறு பம்ப்பிலோ பேரிங்கிலோ இருக்கிறது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் பெரும்பாலும் ரிங், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் வால்வு சீல். இரண்டையும் ஆயில் சரிசெய்யாது.

வடித்த ஆயிலை டின்னில் அடைத்து, கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. ஒரு அட்டையில் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் எண் மூன்றையும் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். அடுத்த தடவை வண்டி எடுக்க வருபவர் யாராக இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பட்டும்.