கூகுள் ரேங்க்: அவசரத்தில் செய்து கெடுத்துக்கொள்ளும் வேலைகள்

தளம் தொடங்கி ஐம்பது பதிவு எழுதியாயிற்று. மாதங்கள் ஓடியும் கூகுளில் ஆறாவது பக்கத்தைத் தாண்டவில்லை. பெரும்பாலான தவறுகள் இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன. வடிவமைப்பை மாற்றுவார்கள், பக்கங்களின் முகவரிகளை (URL) திருத்துவார்கள், பழைய பதிவுகளை அழிப்பார்கள், யாரோ விற்கும் பேக்லிங்க்கை (வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்) வாங்கிப் போடுவார்கள். ஒரு திருத்தத்தின் பலன் சில மணி நேரத்திலும் தெரியலாம், பல மாதமும் ஆகலாம், பொதுவாகச் சில வாரமாவது பொறுத்துப் பாருங்கள் என்கிறது கூகுள். அந்தச் சில வாரத்துக்குள் நாலு மாற்றத்தைச் செய்துவிட்டால் எது ஏற்றியது, எது இறக்கியது என்று எந்த நிபுணராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல தளங்கள் பல சரிந்திருப்பது, வேலை செய்யாமல் விட்டதால் என்பதைவிடப் பொறுக்காமல் செய்த வேலையால்தான்.

இண்டெக்ஸில் இல்லாத பக்கத்துக்கு ரேங்க் தேடுவது

முதலில் பார்க்க வேண்டியது, பக்கம் கூகுளின் இண்டெக்ஸில், அதாவது தேடலுக்காக அது சேர்த்துவைக்கும் பட்டியலில், இருக்கிறதா என்பதை. தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலின் மேல்பகுதியில் உள்ள பெட்டியில் பக்கத்தின் முழு முகவரியை ஒட்டி எண்டர் தட்டினால் விடை வந்துவிடும். 'இல்லை' என்று வந்தால் காரணத்தையும் கவனியுங்கள். முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை என்பது ஒன்று. வந்து படித்தேன், ஆனால் சேர்க்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்து போடுவதுதான் தவறு.

முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் தளத்தின் உள்ளே இருக்கும். அந்தப் பக்கத்துக்கு வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இருக்காது, அல்லது சர்வர் மெதுவாக இருக்கும். நன்றாகப் படிக்கப்படும் இரண்டு மூன்று பழைய பதிவுகளிலிருந்து பொருத்தமான இடத்தில் லிங்க் கொடுங்கள். இரண்டாவதில் சிக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே பலரும் எழுதியதையே திரும்ப எழுதியிருக்கலாம், அல்லது உங்கள் தளத்திலேயே அதே பொருளில் வேறு பக்கம் இருக்கலாம். இண்டெக்ஸ் செய்யக் கோரும் பட்டனைத் தினமும் அழுத்துவது வீண் வேலை. ஒரே முகவரிக்குத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் கூகுள் சீக்கிரம் வராது, அன்றைய கோட்டாதான் தீரும்.

தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ரீடிங் பகுதியில் தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. தளம் கட்டும்போது டிக் செய்துவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறந்த தளங்கள் ஏராளம். வேறெதையும் பார்க்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ரோபாட்ஸ் கோப்பையும் (எந்தப் பக்கத்தைப் படிக்கலாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் robots.txt) நோஇண்டெக்ஸ் குறியையும் (இண்டெக்ஸில் சேர்க்க வேண்டாம் என்று பக்கத்திலேயே போடும் குறி) குழப்பிக்கொள்வது இன்னொரு பரவலான தவறு. ரோபாட்ஸ் கோப்பில் தடை போட்டால், பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் அந்தப் பக்கத்தைப் படிக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து லிங்க் வந்திருந்தால் அந்த முகவரி தேடல் முடிவில் விவரமில்லாமல் அப்படியே தோன்றலாம். ஒரு பக்கம் தேடலில் வரவே கூடாது என்றால் நோஇண்டெக்ஸ் குறி வேண்டும். அந்தக் குறியைக் கூகுள்பாட் பார்க்க வேண்டுமானால் ரோபாட்ஸில் தடை இருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் போட்டால், உள்ளே வரவே முடியாத கூகுள்பாட்டின் கண்ணில் நோஇண்டெக்ஸ் படாது. ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் வரி எழுதும் பழைய வழக்கத்தை 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் ஏற்பதில்லை.

தமிழில் எழுதும் தளங்களுக்கே உரிய சிக்கல்கள்

ஆங்கிலக் கையேடுகளைப் பார்த்து வேலை செய்பவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். வேர்ட்பிரஸ், பதிவின் தலைப்பிலிருந்து முகவரியைத் தானாக உருவாக்கும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவிகிதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. இங்கே குறி என்பது நாம் எண்ணும் எழுத்து இல்லை. புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் குறிகள். 'கோவையில்' என்ற சொல் நமக்கு நாலு எழுத்து. யூனிகோடில் 8 குறி, முகவரியில் 72 எழுத்து.

வேர்ட்பிரஸ் இந்தத் தானியங்கி முகவரிக்கு 200 எழுத்து வரம்பு வைத்திருக்கிறது. 'கோவையில் பழைய வீடு புதுப்பிக்கும் செலவு' என்று தலைப்பு வைத்தால், முகவரி 'கோவையில்-பழைய-வீடு-புதுப' என்று நட்டாற்றில் நின்றுவிடும். தேடுபவருக்கு முக்கியமான 'செலவு' முகவரியில் இருக்காது. அடுத்து 'கோவையில் பழைய வீடு புதுப்பிக்க அனுமதி' என்று எழுதினால் அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, கடைசியில் 2 என்ற எண்ணோடு வரும். வாட்ஸப்பில் பகிர்ந்தாலோ பல நேரம் அரைப் பக்கத்துக்குச் சதவிகிதக் குறியாக நீள்கிறது.

தமிழ் முகவரி வைப்பதில் தவறில்லை, கூகுள் அதை நன்றாகவே படிக்கிறது. வெளியிடும் முன் முகவரியைக் கையால் சுருக்கிவிடுங்கள் என்பதுதான் விஷயம். 'வீடு-புதுப்பிக்க-செலவு' போதும். ஏற்கெனவே வெளியாகி ஆட்கள் வந்துகொண்டிருக்கும் பதிவின் முகவரி அசிங்கமாக இருக்கிறதென்று அதை மாற்றப் போகாதீர்கள். முகவரியில் உள்ள சொல்லுக்கு ரேங்க்கில் மிகச் சிறிய பங்குதான். மாற்றத்தால் வரும் குழப்பம் அதைவிடப் பெரியது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கட்டுரைகளும் பிடிஎஃப்களும் இன்னும் பல தளங்களில் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கூகுளுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வராவிட்டால் யூனிகோடுக்கு மாற்றிப் பக்கமாகவே போடுங்கள். விலைப்பட்டியலையும் கடை முகவரியையும் படமாக மட்டும் போடுவதும் இந்த வகைதான்.

நம் ஆட்கள் தேடும் விதமும் ஒன்றல்ல. ஒருவர் தமிழில் தட்டுவார், ஒருவர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுவார், கோயில் என்றும் கோவில் என்றும் வரும். அதற்காகப் பத்து எழுத்துக்கூட்டலையும் பக்கத்தின் அடியில் மந்திரம்போல் அடுக்கக் கூடாது. அது கீவேர்டு திணிப்பு, கூகுளின் ஸ்பாம் விதிகளில் நேரடியாகச் சொல்லப்பட்டது. சர்ச் கன்சோலின் பர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் குவெரிஸ் பட்டியலைத் திறந்தால், எந்தச் சொல்லைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்று தெரியும். அதில் அடிக்கடி வரும் வழக்குச் சொல்லைத் தலைப்பிலோ முதல் பத்தியிலோ இயல்பாக ஒரு முறை எழுதினால் போதும். தேடல் சொற்களைத் தேடுபொறிக்கென்று எழுதிவைக்கும் மெட்டா கீவேர்டு கட்டத்தில் முப்பது சொல் நிரப்புவதை எப்போதோ விட்டிருக்க வேண்டும். ரேங்க்குக்கு அதைப் பார்ப்பதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் அறிவித்துவிட்டது.

தமிழ், ஆங்கிலம் என்று இரு மொழியில் தளம் நடத்துபவர்கள், வருபவரின் நாட்டைப் பார்த்துத் தானாக ஒரு மொழிக்குத் தள்ளிவிடும் வசதியை வைக்காதீர்கள். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரியிலிருந்துதான் வருகிறது. அதை ஆங்கிலத்துக்கே திருப்பிவிட்டால் உங்கள் தமிழ்ப் பக்கங்களை அது பார்க்கவே பார்க்காது.

முகவரி மாற்றம்

தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று இறங்கி, இருந்த ரேங்க்கையும் தொலைப்பவர்கள் செய்வது மூன்று. பழைய முகவரிகளுக்கு வழிமாற்றமே (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு) வைக்காதது. எல்லாவற்றையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடுவது. ஆறே மாதத்தில் வழிமாற்றத்தை எடுத்துவிடுவது. ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதே பொருளில் உள்ள புதிய பக்கத்துக்கு 301 எனப்படும் நிரந்தர வழிமாற்றம் வேண்டும். சம்பந்தமில்லாமல் முகப்புக்குத் திருப்பினால் பக்கம் இல்லாமல் போனதாகவே கூகுள் எடுத்துக்கொள்ளும், பழைய பக்கம் சேர்த்த மதிப்பு எங்கும் போய்ச் சேராது. வழிமாற்றத்தைக் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருங்கள், முடிந்தால் எடுக்கவே வேண்டாம். மாற்றத்துக்கு முன்பே முகவரிப் பட்டியலை எடுத்துவைக்க வேண்டும். சர்ச் கன்சோலிலிருந்து இறக்கினால் 1000 வரிகள்தான் கிடைக்கும், ஆகவே தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பையும் சேர்த்துச் சேமியுங்கள். தளத்துக்குள் இருக்கும் லிங்க்குகளையும் புதிய முகவரிக்கே திருத்துங்கள், வழிமாற்றத்தை நம்பி விட்டுவிடாதீர்கள்.

எண்ணைத் தவறாகப் படிப்பது

சர்ச் கன்சோல் காட்டும் சராசரி இடம் என்ற எண் நிறையப் பேரைப் பயமுறுத்துகிறது. ஒரு பக்கம் போன மாதம் 100 முறை தேடலில் தோன்றியது, எல்லாம் 4ஆம் இடத்தில் என்று வையுங்கள். இந்த மாதம் அந்த 100 அப்படியே இருக்க, புதிய தேடல்களுக்கும் 900 முறை 40ஆம் இடத்தில் தோன்றியது. சராசரி 36.4 என்று காட்டும். பார்ப்பவர் தளம் படுத்துவிட்டது என்று நினைத்துத் தலைப்பை மாற்றுவார். உண்மையில் ஒரு கிளிக்கும் குறையவில்லை, பக்கம் புதிய தேடல்களுக்குள் நுழைந்திருக்கிறது. மொத்தச் சராசரியை விட்டுவிட்டு, முக்கியமான பத்து இருபது தேடல்களைத் தனித்தனியாகப் பாருங்கள்.

போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுவதும் சரிவராது. பள்ளிச் சேர்க்கை, பண்டிகை, மழை எல்லாம் தேடலை ஏற்றி இறக்கும். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும், அதனால் மாதா மாதம் இறக்கிச் சேமிப்பது நல்லது. சொந்த போனில் தேடிப் பார்த்து 'முதலிடத்தில் வருகிறதே' என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் முடிவு மாறும்.

வேகம் பற்றிச் சுருக்கமாக

கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் தரும் மதிப்பெண்ணை 100 ஆக்கப் பணம் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். கூகுள் கணக்கில் எடுப்பது அந்தச் சோதனை மதிப்பெண்ணை அல்ல, குரோமில் உண்மையாக வந்தவர்களின் அனுபவத்தை. முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும், திறக்கும்போது பக்கத்தில் உள்ளவை இடம் மாறிக் குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். வருகைகளில் 75 சதவீதத்துக்கு இது அமைந்தால் போதும். அதற்கு மேல் தேய்ப்பதைவிட நல்ல பதிவு ஒன்று எழுதலாம். 28 நாள் தரவைச் சேர்த்துத்தான் கணக்கிடுவதால், இன்று திருத்தியது நாளையே முழுதாகத் தெரியாது. அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங் (படத்தை அந்த இடம் வரும்போது மட்டும் ஏற்றுவது) போடும் பிளகின், பக்கத்தின் உச்சியில் முதலில் தெரிய வேண்டிய பெரிய படத்துக்கும் அதைப் போட்டுவிடும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். எல்லாப் படத்துக்கும் அகலமும் உயரமும் குறித்துவிட்டால் பக்கம் குதிப்பதும் பெரும்பாலும் நிற்கும்.

காசு கொடுத்து ஏறுவது

ஆயிரம் பேக்லிங்க் இவ்வளவு ரூபாய் என்று வரும் மின்னஞ்சல்களுக்கு 2012 ஏப்ரலில் வந்த, செயற்கை லிங்க்குகளால் ஏறிய தளங்களைக் கீழே இறக்கிய கூகுளின் பென்குவின் அப்டேட்டே பதில். இப்போது அப்படி வாங்கும் லிங்க்குகளைக் கூகுள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் மதிப்பைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. அதனால் ஏறியிருந்த இடம் ஒருநாள் சத்தமில்லாமல் போய்விடும், திரும்பப் பெற வழி கிடையாது. கூகுள் ஊழியர்களே பார்த்துத் தரும் தண்டனையான மேனுவல் ஆக்ஷன் வந்தாலோ நிலைமை இன்னும் மோசம். அப்படி எதுவும் வராமலே, கண்ட லிங்க்கையெல்லாம், கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிஸவவ் கருவியில் பட்டியலிட்டு அனுப்புவதும் தவறுதான். நல்ல லிங்க்கையும் சேர்த்து வெட்டிக்கொள்ள நேரும்.

ஏஐ கொண்டு நூற்றுக்கணக்கில் பக்கம் தள்ளுவது இன்றைய ஆசை. ரேங்க்குக்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை ஸ்பாம் என்று 2024 மார்ச்சில் கூகுள் வரையறுத்தது. கருவி எழுதியதா, மனிதர் எழுதியதா என்பதை அந்த விதி பார்ப்பதில்லை. 'வீடு கட்ட ஆலோசனை' என்று ஒரே கட்டுரையில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி, மாவட்டத்துக்கு ஒன்றாகப் போடுவதும் இதில் அடங்கும். மாறும் விவரம் இருந்தால் மட்டும் தனிப்பக்கம் போடுங்கள்: உள்ளூர்க் கூலி, மணல் விலை, அங்கே முடித்த வேலையின் படம். உள்ளே எதையும் தொடாமல் தேதியை மட்டும் புதிதாக்குவதும் எடுபடாது.

திடீரென்று விழுந்தால்

கோர் அப்டேட் (ரேங்க் போடும் முறையில் கூகுள் அவ்வப்போது செய்யும் பெரிய மாற்றம்) நடக்கும்போது விழுந்தால், அது முடியும் வரை எதையும் தொடாதீர்கள். அப்டேட் தொடங்கிய, முடிந்த தேதிகளைக் கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் பக்கத்தில் பார்க்கலாம். முடிந்து முழுதாக ஒரு வாரம் போகட்டும். பிறகு அந்த வாரத்தை, அப்டேட் தொடங்கும் முன் இருந்த வாரத்தோடு ஒப்பிடுங்கள். 2ஆம் இடத்திலிருந்து 4க்குப் போயிருந்தால் கைவைக்க வேண்டியதில்லை. 4லிருந்து 29க்குப் போயிருந்தால் தளத்தை மொத்தமாகப் பரிசீலிக்க வேண்டும். எந்தப் பக்கங்கள், எந்தத் தேடல்களில் விழுந்தன என்று பட்டியலிட்டு, அந்தத் தேடல்களில் இப்போது மேலே இருப்பவர்கள் வாசகருக்கு என்ன கூடுதலாகத் தருகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். திருத்தும்போது தேதி, பக்கம், மாற்றியது என்ன என்று ஒரு எக்செல் தாளில் குறித்துக்கொண்டே போங்கள். திருத்தம் சரியாக இருந்தாலும் முழுப் பலனுக்கு அடுத்த கோர் அப்டேட் வரை காத்திருக்க நேரலாம், அது சில மாதம் கழித்துத்தான் வரும். பக்கத்தை அழிப்பது கடைசி வழி. அதற்கு முன் சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் பகுதியில், வெளித்தளங்களிலிருந்து அந்தப் பக்கத்துக்கு லிங்க் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அழிக்காமல் அதே முகவரியிலேயே திருத்தி எழுதுங்கள்.