கதைக்கு ஒரு ஷோகுன் அரசு வேண்டுமா? அரிசியிலிருந்து தொடங்குங்கள்

ஜப்பானின் ஷோகுன் (ராணுவத் தலைவர்) ஆட்சியை மனதில் வைத்து ஒரு ராணுவ அரசைக் கற்பனை செய்பவர்கள் வாளை ஓரமாக வையுங்கள். என் நாவலின் முதல் வரைவில் நான்கு போர்கள். படித்துவிட்டு அக்கா கேட்டாள்: "இத்தனை பேருக்கும் யாருடா சோறு போடுறது?" அதற்கு விடை தேடித்தான், டோகுகவா குடும்பத்து ஷோகுன்கள் ஆண்ட எடோ கால வரலாற்றுக்குள் போனேன்.

அங்கே அந்தஸ்தே அரிசிக் கணக்குதான். அளவின் பெயர் கொகு. ஒரு கொகு சுமார் 150 கிலோ, ஓர் ஆளின் ஒரு வருடச் சாப்பாடு. 10,000 கொகு மதிப்புள்ள நிலம் இருந்தால்தான் டைம்யோ, அதாவது பெரும் பிரபு. உங்கள் வரைபடத்திலும் ஒவ்வொரு பிரபுவின் பெயருக்குக் கீழே விளைச்சலை எழுதுங்கள். யார் யாருக்கு அஞ்சுவார்கள் என்பது தெரிந்துவிடும்.

பேரரசரை மறக்காதீர்கள். 1603-ல் டோகுகவா இயேயாசுவுக்கு ஷோகுன் பட்டம் கொடுத்தவர் அவர்தான். அதிகாரம் ஷோகுன் இருந்த எடோவில் (இன்றைய டோக்கியோ), பட்டம் கொடுக்கும் கை பேரரசர் இருந்த கியோட்டோவில்.

பிரபுக்களை எப்படி அடக்குவது? இதற்கு நிறையப் பக்கம் ஒதுக்குங்கள். 1635-ல் ஷோகுன் இயேமிட்சு இதைச் சட்டமாக்கினார்: பெரும்பாலான பிரபுக்கள் ஒரு வருடம் எடோவில், மறு வருடம் சொந்த ஊரில். ஊருக்குப் போகும்போது மனைவியும் வாரிசும் எடோவிலேயே இருக்க வேண்டும். பரிவாரத்தோடு போய்வரும் செலவிலேயே கஜானா கரைந்தது. ஹகோனே சோதனைச் சாவடியில் எடோவிலிருந்து வெளியேறும் பெண்களை விடாமல் துருவினார்கள். சோதிப்பதற்கென்றே இருந்த பெண்கள் கூந்தலை அவிழ்த்துக்கூடப் பார்த்தார்கள். பிரபுவின் மனைவி தப்பிவிட்டால் அவன் கலகத்துக்குத் துணிந்துவிட்டான் என்று பொருள். என் நாவல் இப்போது அந்தச் சாவடியில்தான் தொடங்குகிறது: ஒரு கிழவியின் விரல்கள், அவிழும் கொண்டை, மூச்சை அடக்கி நிற்கும் ஒரு பெண்.

ஆட்சி எப்படி விழும் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். 1600-ல் செகிகஹாரா போரில் இயேயாசுவிடம் தோற்ற அணியைச் சேர்ந்த மோரி குடும்பம் நிலத்தில் பெரும்பகுதியை இழந்து சோஷூ பகுதியில் ஒதுங்கியது. அதே சோஷூ, சாட்சுமா என்ற இன்னொரு பிரபுவின் பகுதியோடு சேர்ந்து, 1868-ல் பேரரசரின் பெயரால் டோகுகவா ஆட்சியை வீழ்த்தியது. ஆகவே உங்கள் கதையில் தோற்ற குடும்பத்தை அடியோடு அழித்துவிடாதீர்கள். வரைபடத்தின் ஓரத்தில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுங்கள். பெயருக்குக் கீழே பழைய கொகு, புதிய கொகு இரண்டையும் குறித்துவையுங்கள்.